பச்சைப் பத்மினிக்குப் பாலிஷ்

கம்பெனியிலிருந்து வரும் ஒரு காரில் பிரைமர், கலர், கிளியர் என்று எல்லா அடுக்கையும் சேர்த்தாலும் பெயின்ட்டின் கனம் சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். அதாவது இரண்டு முடியை ஒன்றன்மேல் ஒன்று வைத்த அளவுதான் மொத்த பெயின்ட். அதிலும் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் மட்டும் 35 முதல் 50 மைக்ரான் வரும். பாலிஷ் போடுவது என்றால் இந்தக் கிளியரில் கொஞ்சத்தை அரைத்து எடுப்பது. பலர் பாலிஷை ஏதோ மேலே பூசுகிற பொருள் என்று நினைக்கிறார்கள். பூசுவது வேக்ஸ். பாலிஷ் எடுக்க மட்டும்தான் செய்யும், எடுத்தது திரும்ப வராது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிதாக பெயின்ட் அடித்த பழைய காரை வீட்டிலேயே பளபளப்பாக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் மெஷின், அதில் மாட்டும் பேட், தேய்க்கும் கம்பவுண்ட் என்று எதை வாங்குவது என்பதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். என்னைக் கேட்டால், எவ்வளவு எடுக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மெஷினைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இருப்பது எண்பதுகளின் பிரீமியர் பத்மினி. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் கீற்றுக் கொட்டகைக்கு அடியில் நின்றுகொண்டிருந்தது. கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்து டிங்கரிங், பட்டி, பிரைமர் எல்லாம் முடித்துப் புது நிறம் அடித்தோம். உடம்பு முழுக்கக் கரும்பச்சை, அதில் கொஞ்சம் பேர்ல். கூரை மட்டும் க்ரீம். இரண்டுக்கும் நடுவே கையால் இழுத்த மெல்லிய ஒரு கோடு. பச்சை எந்தக் கம்பெனி அட்டையிலும் இல்லாத நிறம். பெயின்டர் அண்ணன் டப்பா டப்பாவாகக் கலந்து, தகரத் துண்டுகளில் அடித்து, வெயிலில் வைத்துக் காட்டி, நான் சரி என்று சொன்ன பிறகு அடித்தது. நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், அதையும் முடித்துவிட்டோம்.

இப்படிக் கலந்து அடித்த நிறத்துக்குக் கம்பெனி கலர் எண் கிடையாது. கம்பெனி நிறம் என்றால் ஒரு மட்கார்டு கெட்டுப்போனால் எண்ணைச் சொல்லிப் புது டப்பா வாங்கலாம். இங்கே அது முடியாது. பேர்ல் என்பது மைக்காத் துகள்கள். பெயின்டர் எந்தத் தூரத்தில் ஸ்பிரே துப்பாக்கியைப் பிடித்தார், எத்தனை ஈரத்தில் அடித்தார் என்பதைப் பொறுத்து அவை படியும் விதமே மாறும். அதே மனிதர் அதே கலவையை இன்னொரு நாள் அடித்தாலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆகவே கிளியரைத் தாண்டிப் பேர்லைத் தொட்டுவிட்டால், அந்த இடத்துக்கு மட்டும் தொட்டுத் தீட்டுவது நடக்காது. அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

கனம் அளக்கும் சின்ன கருவி ஒன்று கிடைக்கிறது. இரும்பின் மேல் வைத்தால் பெயின்ட் எத்தனை மைக்ரான் என்று சொல்லும். பத்மினியின் பானெட்டில் வைத்தால் 200-ஐ ஒட்டி வருகிறது. பின் கதவில் 400. டிக்கிக்குப் பக்கத்தில் பட்டி போட்டு நிரப்பிய ஓர் இடத்தில் ஆயிரத்தைத் தாண்டுகிறது. இந்த 400-ஐப் பார்த்து, இங்கே தாராளமாகத் தேய்க்கலாம் என்று நினைக்கக் கூடாது. கருவிக்குப் பட்டிக்கும் கிளியருக்கும் வித்தியாசம் தெரியாது. இரும்புக்கும் தனக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை மட்டும்தான் அது அளக்கிறது. அடியில் பிரைமர் தடியாக இருந்து மேலே கிளியர் மெலிந்து இருந்தாலும் அதே எண்தான் வரும். கருவி நமக்குச் சொல்வது எந்த இடத்தில் என்ன நடந்திருக்கிறது என்கிற சரித்திரத்தை. கிளியர் எவ்வளவு என்பதை அடித்த ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

நான் கேட்டேன். உடம்புக்கு மூன்று கோட் கிளியர், மட்கார்டுகளின் உள் வளைவிலும் கதவு ஓரங்களிலும் இரண்டுதான் ஒழுங்காக விழுந்திருக்கும் என்றார். ஒரு கோட்டுக்குக் காய்ந்த பிறகு இருபது மைக்ரானுக்குச் சற்று மேலே என்று வைத்துக்கொண்டால் அறுபது, எழுபது. அதைக் கேட்டதற்குப் பிறகுதான் காரைப் பார்க்கும் விதமே மாறியது. எல்லா இடமும் ஒன்று இல்லை என்பது புரிந்தது. இந்தக் கேள்வியைக் கேட்டால் எந்த நல்ல பெயின்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அக்கறை உள்ள ஆள் என்று சந்தோஷம்தான் படுவார்.

இன்னொரு கேள்வியும் முக்கியம்: அடித்தது எந்த வகைப் பெயின்ட்? நம் ஊர்ப் பட்டறைப் பலகைகளில் இன்னும் 'டூக்கோ பெயின்டிங்' என்றுதான் இருக்கும். 1920களில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டின் பெயர் அது. இன்றைக்கு அந்தப் பலகைக்குக் கீழே என்.சி. எனும் நைட்ரோசெல்லுலோஸும் அடிக்கிறார்கள், பி.யு. எனும் பாலியூரித்தேனும் அடிக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. என்.சி. தின்னர் ஆவியாவதால் காய்கிறது, பிறகு எப்போது தின்னர் பட்டாலும் கரையும். பி.யு.வில் ஹார்டனர் கலக்கிறார்கள், அது வேதிவினையால் இறுகுகிறது. எதை அடித்திருக்கிறது என்று தெரியாத காரை வாங்கியிருந்தால், டிக்கி மூடியின் உட்புறம் போல் கண்ணில் படாத இடத்தில் ஒரு வெள்ளைத் துணியில் துளி தின்னர் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். கரைந்து வந்தால் என்.சி. பழைய என்.சி. மேல் ஸ்பிரிட், தின்னர் கலந்த எதையும் பாலிஷுக்குப் பிறகு துடைக்கப் பயன்படுத்த வேண்டாம்.

எங்கள் காரில் பச்சைக்கு மேல் தனியாகக் கிளியர் இருக்கிறது. க்ரீம் கூரைக்கு இல்லை, அது பளபளப்பும் நிறமும் ஒன்றாகவே கலந்த பி.யு. ஆகவே கூரையில் பாலிஷ் போடும்போது பேடில் க்ரீம் நிறம் ஒட்டும். அது இயல்பு, பயப்பட வேண்டியதில்லை. உடம்பில் போடும்போது பேடில் பச்சை துளி தெரிந்தாலும் அந்த நிமிஷமே கையை எடுத்துவிட வேண்டும், கிளியர் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே காரில் இரண்டு விதி இருப்பதால் இரண்டுக்கும் தனித்தனிப் பேட் வைத்திருக்கிறேன்.

பட்டறையிலிருந்து வண்டி வெளியே வந்த நாளிலேயே பெயின்டர் அண்ணன் சொல்லிவிட்டார்: "தம்பி, ஒரு மூனு மாசத்துக்கு வேக்ஸு கீக்ஸு ஒன்னும் போடாதீங்க. தண்ணி மட்டும் ஊத்திக் கழுவுங்க. உள்ளாற இருக்கற தின்னரெல்லாம் வெளிய போகோணும்."

அப்படியே செய்தோம். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே கரைப்பான் மிச்சம் இருக்கும். அதன் மேல் வேக்ஸ் போட்டு மூடினால் வெளியேறும் வழி அடைபடும். பின்னால் மேற்பரப்பு மங்கலாகவும் மென்மையாகவும் ஆகிவிடும். பூத் எனும் மூடிய பெயின்ட் அறையில் சூடு வைத்துக் காயவைத்த வண்டிக்கு இவ்வளவு காலம் தேவைப்படாது. திறந்த பட்டறையில் அடித்ததற்குப் பொறுமைதான் வேண்டும்.

கீறல் விழுவது பெரும்பாலும் ரோட்டில் இல்லை, கழுவும்போதுதான். வெயிலில் சாய்வாகப் பார்த்தால் சிலந்தி வலை பின்னியது போல் வட்ட வட்டமாகத் தெரிகிறதே, அதெல்லாம் காய்ந்த தூசியைத் துணியால் துடைத்ததில் விழுந்தது. இங்கே பட்டறைகளில் கார் துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான் பயன்படும். கிரீஸ் துடைக்க அதைவிட நல்லது கிடையாது. ஆனால் அந்தப் பொட்டலத்தில் தையல் மடிப்பு இருக்கும், பாலியஸ்டர் துண்டு இருக்கும், சமயத்தில் லேபிளே இருக்கும். கரும்பச்சை, கறுப்பு மாதிரி அடர் நிறங்களில் ஒரு துடைப்புக்கே கோடு விழும். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது, 'வேலை முடிந்ததும் துடைக்க வேண்டாமுங்க, தூசியோடவே கொடுங்க' என்று சொல்லிவிடுவேன்.

கழுவ இரண்டு வாளி வைத்துக்கொள்கிறேன். ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். முதலில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கிவிட்டு, மைக்ரோஃபைபர் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே. ஒரு பக்கம் முடிந்ததும் உறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குள் விடுவது. அலசிய வாளியின் அடியில் படிந்திருக்கும் மண்ணைப் பார்த்தால், அதெல்லாம் திரும்பக் கார் மேல் போயிருக்கும் என்பது புரியும்.

தண்ணீர் ஒரு தனிப் பிரச்சினை. குடிக்க வரும் சிறுவாணித் தண்ணீரைக் காருக்கு ஊற்ற எனக்கு மனசு வராது. போர் தண்ணீர் உப்பு. அது வெயிலில் காய்ந்தால் வெள்ளை வட்டங்களாகச் சுண்ணாம்பு படியும், சில நாள் விட்டுவிட்டால் கிளியரைக் கடிக்கவும் செய்யும். ஆர்.ஓ. மெஷின் கழிக்கும் தண்ணீரை வீணாக்காமல் கார் கழுவலாம் என்று பலர் யோசனை சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் உப்பெல்லாம் சேர்ந்திருப்பதே அந்தத் தண்ணீரில்தான். சக்கரத்துக்கும் அடிப்பாகத்துக்கும் ஊற்றலாம், மேலே வேண்டாம். நான் மழை பெய்யும்போது மொட்டை மாடிக் குழாயில் டிரம் வைத்துப் பிடிக்கிறேன். போர் தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசியாக ஒரு வாளி மழைத் தண்ணீரை விட்டு அலம்பினால் வட்டமே வருவதில்லை. படிந்துவிட்ட வெள்ளைக்கு வினிகரைத் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து நிழலில் ஒற்றி எடுத்துவிட்டுக் கழுவலாம்.

ஆயுத பூஜையையும் சொல்லியாக வேண்டும். பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் எங்கள் வீட்டில் வண்டி நகராது, நகரவும் வேண்டாம். பூஜையால் பெயின்ட் கெடுவதில்லை. மறுநாள் காய்ந்த சந்தனத்தை நகத்தாலும் துணியாலும் சுரண்டுவதால்தான் கெடுகிறது. ஈரத்துணியை அதன் மேல் போர்த்திக் கால் மணி நேரம் விட்டால் தானாக வழுக்கிக்கொண்டு வரும். பூஜைக்கு முன்பே வேக்ஸ் போட்டிருந்தால் குங்குமச் சாயமும் தங்காது. வாழைக்கன்றைக் கட்டும் கயிறு பம்பரோடு நிற்கட்டும், பெயின்ட் மேல் உராய வேண்டாம். காக்கை எச்சத்துக்கும் இதே ஈரத்துணி முறைதான், ஆனால் அதற்கு மறுநாள் வரை நேரம் கொடுக்கக் கூடாது. வெயிலில் பெயின்ட் இளகி, எச்சம் அதன் மேல் இறுகி, சாயங்காலம் குளிரும்போது அந்த வடிவத்திலேயே தழும்பு நின்றுவிடும்.

சரி, பாலிஷுக்கு வருகிறேன்.

கழுவிய பிறகு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிந்தது பைக்குள்ளிருந்து சொரசொரப்பாகத் தெரியும். இரும்புத் தூசி, தார், அடிக்கும்போது பறந்து வந்து ஒட்டிய பெயின்ட் துகள் எல்லாம் அது. கிளே எனப்படும் களிமண் கட்டியை ஷாம்புத் தண்ணீர் விட்டு வழுக்கவிட்டால் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கீழே விழுந்த கட்டியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

பிறகு மாஸ்கிங் டேப். பத்மினியில் மடிப்புகள் ஏராளம். பானெட்டின் நடு மடிப்பு, பின்பக்கம் எழுந்து நிற்கும் வால் போன்ற விளிம்பு, கதவுகளின் கீழ் ஓரம். பெயின்ட் ஈரமாக இருக்கும்போது விளிம்பிலிருந்து இரு பக்கமும் இறங்கிவிடுவதால் அங்கேதான் எப்போதும் கனம் குறைவு. மெஷின் பேட் முழு அழுத்தத்தோடு உட்காருவதும் அதே விளிம்பில்தான். ஒரு நண்பரின் கறுப்புக் காரைப் பாலிஷ் கடையில் கொடுத்தபோது, கதவு மடிப்பு நெடுகக் கிளியர் போய் மங்கலாக ஒரு கோடு விழுந்து வந்தது. கம்பளிப் பேட் போட்ட ரோட்டரி மெஷினைப் படுவேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள். நான் எல்லா மடிப்பிலும் டேப் ஒட்டிவிடுகிறேன். கடைசியில் அதை உரித்துவிட்டு, விளிம்பைக் கையாலேயே நாலு இழுப்பு இழுத்தால் போதும். கையால் இழுத்த அந்தக் கோட்டின் மேலும் டேப். நகத்தால் மெல்லத் தடவினால் அது கிளியருக்கு மேலே இருக்கிறதா, அடியில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எங்களுடையது மேலே இருக்கிறது, அதற்குக் கிளியரின் காவல் கிடையாது.

வீட்டில் செய்கிறவர்களுக்கு டி.ஏ. எனும் டூயல் ஆக்‌ஷன் மெஷின்தான் சரி. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றி ஒரே இடத்தில் சூடேற்றும். டி.ஏ. சுற்றிக்கொண்டே அலைவதால் சூடு பரவிவிடும், அழுத்தினால் சுற்றுவதையே நிறுத்திக்கொள்ளும். புதிதாகப் பிடிக்கும் கைக்கு அது பெரிய பாதுகாப்பு. பாலிஷிலும் இருப்பதிலேயே மென்மையானதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றை டேப்பால் பிரித்துக்கொண்டு, மென்மையான பேட், மென்மையான பாலிஷ். வேலை ஆகிவிட்டால் அதற்கு மேல் போகவே தேவையில்லை. ஆகவில்லை என்றால் அதே பேடில் கொஞ்சம் கடினமான பாலிஷ், பிறகுதான் கடினமான பேட். அந்தச் சதுரத்தில் கிடைத்த பதிலைத்தான் கார் முழுவதும் செய்வது.

பேடில் பட்டாணி அளவில் நாலு சொட்டு வைத்து, மெஷினை ஓடவிடாமலே ஒற்றிப் பரப்பிவிட்டு, குறைந்த வேகத்தில் ஆரம்பம். மெஷினின் எடையே போதும், அழுத்தம் வேண்டாம். வினாடிக்கு ஓர் அங்குலம் என்ற நிதானத்தில் இடமிருந்து வலம், ஒவ்வொரு வரிசையும் முந்தினதில் பாதியை மூடும்படி. பிறகு மேலிருந்து கீழ். ஆரம்பத்தில் பாலாக இருக்கும் பாலிஷ் மெல்ல மெல்லக் கண்ணாடியாகி எண்ணெய்ப் படலம் போல் ஆகும்போது நிறுத்தலாம். இடையிடையே புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். வைத்த கையை எடுக்கத் தோன்றும் அளவு சூடு என்றால் ஆற விட வேண்டும். பட்டி போட்ட இடங்களில் இது இரட்டிப்பு முக்கியம். இரும்பு சூட்டைப் பரப்பி எடுத்துக்கொண்டு போகும், பட்டி போகவிடாமல் மேலேயே நிறுத்திவிடும். மீட்டரில் ஆயிரம் காட்டிய அந்த டிக்கி ஓரத்தில் இதை நன்றாக உணர முடிந்தது. பானெட்டில் வெதுவெதுப்பு மட்டும் தெரிந்த அதே வேகத்துக்கு அங்கே சுட்டது. மெஷினைக் குறைத்து, பாதி இழுப்புகளோடு நிறுத்திக்கொண்டேன்.

துடைத்தவுடன் தெரியும் பளபளப்பை நம்பக் கூடாது. பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு பங்குக்கு நாலைந்து பங்கு தண்ணீர் கலந்து தெளித்துத் துடைத்தால் உண்மை நிலவரம் தெரியும். அதன் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். சதுரத்துக்கு வெளியே வலை வலையாகத் தெரிந்த வெளிச்சம், உள்ளே ஒரே புள்ளியாக நின்றது. பச்சைக்குள் ஆழத்தில் இருந்த பேர்ல் அப்போதுதான் முழுசாகக் கண்ணுக்கு வந்தது. கலக்கும்போது அவர் தகரத் துண்டில் காட்டினாரே, அந்த நிறம்.

ஓட்டுநர் பக்கக் கதவில் கைப்பிடிக்குக் கீழே பெயின்ட் வழிந்து நின்ற ஒரு துளி இருந்தது. கையால் அடித்த பெயின்ட்டில் இது சகஜம். வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளில் 2000 நம்பரை எடுத்துத் தண்ணீரில் நன்றாக ஊற வைத்து, விரல் அகலக் கட்டை ஒன்றில் சுற்றி, துளியைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டு, அதன் உச்சியை மட்டும் தேய்த்தேன். மேடான இடத்தில் மட்டும் மங்கல் விழும், சுற்றிலும் மினுமினுப்பாகவே இருக்கும். மங்கல் சுற்றிலும் பரவத் தொடங்கினால் மட்டமாகிவிட்டது என்று பொருள், நிறுத்திவிட வேண்டும். பிறகு 3000, பிறகு பாலிஷ். துளி போன இடம் இப்போது தெரியவில்லை.

ஆனால் கார் முழுவதும் லேசாக ஆரஞ்சுத் தோல் சொரசொரப்பு இருக்கிறது. அதையும் வாட்டர் பேப்பர் போட்டுச் சமமாக்கிக் கண்ணாடியாக்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். செய்யவில்லை. வெயிலைத் தடுக்கும் சத்து கிளியரில்தான் இருக்கிறது. அறுபது மைக்ரானில் பத்து, பதினைந்தைச் சமமாக்கவே கொடுத்துவிட்டால், நம் ஊர் வெயிலில் இந்தப் பச்சை எத்தனை வருஷம் நிற்கும்? லேசான பாலிஷுக்குப் போவது ஓரிரு மைக்ரான்தான், அதை இன்னும் பல வருஷம் செய்யலாம். அதே காரணத்துக்காக நகம் மாட்டும் அளவு ஆழமான கீறல்கள் மூன்றையும் விட்டுவிட்டேன். அவற்றின் கரைகளை மழுக்கினால் போதும், ஒளி சிதறாது, தூரத்திலிருந்து தெரியாது. கண்காட்சிக்கு நிறுத்தும் வண்டிக்கு வேறு நியாயம் இருக்கலாம். உக்கடத்துக்கும் பேரூருக்கும் ஓடுகிற வண்டிக்கு இதுதான் நியாயம் என்பது என் முடிவு.

மேலே போட்டது கார்னாபா வேக்ஸ். பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுப்பது, உருகுவதற்கு எண்பது டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் வெயிலில் நின்றாலும் இளகி ஓடாது. செராமிக் கோட்டிங் இதைவிடப் பல மடங்கு காலம் நிற்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பின்னால் எந்த இடத்திலாவது மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டி வந்தால் முதலில் அதை அரைத்து எடுக்க வேண்டும். கையால் அடித்த பழைய காருக்கு அந்த வேலை எப்போது வேண்டுமானாலும் வரும். வேக்ஸ் என்றால் துடைத்தால் போய்விடும், கை மெனக்கெட்டால் மறுபடி வந்துவிடும். குரோம் பம்பர்களில் இருந்த துருப் புள்ளிகளுக்கு அலுமினியம் ஃபாயிலைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேய்த்ததே போதுமானதாக இருந்தது.

வண்டியை மூடி வைக்கும் கவரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஷெட் இருந்தால் கவர் வேண்டாம். திறந்த வெளியில் தூசியோடு நிற்கும் கார் மேல் கவரைப் போட்டால், ஆடிக் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டு ராத்திரி முழுவதும் உப்புத்தாள் வேலையைச் செய்யும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். போட்டே ஆக வேண்டும் என்றால், கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, உட்புறம் மெதுவான துணி வைத்த கவராக வாங்கி, வயிற்றுக்கு அடியில் பட்டையால் இழுத்துக் கட்டுங்கள். எடுக்கும்போது தரையில் போட்டு இழுக்காமல், கூரையின் மேலேயே மடித்து மடித்துக் கொண்டுவந்து தூக்குங்கள்.